அக்காவின் பேரை வெட்டச் சொன்னவன்

1

பாண் லொறியின் பின்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் குரல் செய்தி வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுக் காதில் வைத்துக் கேட்டேன்.

"தம்பி, ஆபீஸ்ல லிஸ்டு ஒட்டிட்டாங்க. நம்ம லயத்து ஆளுங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி குடுக்கப் போறாங்களாம். நம்ம காம்பராவுக்கு ஒன் பேரு போட்டிருக்கு. எம் பேரு இல்ல. நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். கிளாக்கரையும் வாசிச்சுச் சொல்லச் சொன்னேன். ஒன் பேருதான் இருக்கு. என்னா செய்யறதுன்னு ஒரு வார்த்த சொல்லு."

அவ்வளவுதான் செய்தி. கோபம் இல்லை, அழுகை இல்லை. பின்னால் யாரோ இருமுகிற சத்தமும், ஆபீசுக்குப் பக்கத்து ரோட்டில் பஸ் திரும்புகிற சத்தமும் கேட்டன.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ரொறொன்ரோவுக்குக் கிழக்கே ஒரு புறநகரில் கடைகளுக்குப் பாண், அதாவது ரொட்டி, கொண்டுபோகிற லொறி ஓட்டுகிறவன். இங்கே வந்து பத்தொன்பது வருஷம். மனைவி யாழ்ப்பாணத்துக்காரி, ஒரே மகளுக்குப் பதினைந்து வயது, பின்பக்கம் புல்தரை உள்ள ஒரு வீடு. என் அக்கா ஜெயக்கொடி மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். பதினெட்டு வயதில் கூடையை முதுகில் மாட்டியவள், இப்போது ஐம்பத்திரண்டு. புருஷன் இல்லை. ஒரே மகன் கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான், தீபாவளிக்கும் தேருக்கும் வருவான்.

அந்த மலையில் முப்பத்துநாலு வருஷம் கொழுந்து பறித்தவளுக்கு லிஸ்டில் இடமில்லை. இந்த ஊரில் பனி தள்ளிக்கொண்டிருக்கிற எனக்கு இடம் இருக்கிறது. ஏன் அப்படி என்று தோட்டத்து ஆபீஸைத் திட்டலாம், அரசாங்கத்தைத் திட்டலாம். நானும் அன்றைக்கு லொறிக்குள் உட்கார்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுத் திட்டித் தீர்த்தேன். ஆனால் அக்காவின் பேரை வெட்டச் சொன்னது நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் என் பேர் எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்கிறேன்.

லயத்துக் காம்பரா, அந்த வரிசை வீட்டு ஒற்றை அறை, எங்களுடையது இல்லை, தோட்டத்துடையது. வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் அதில் குடியிருக்க முடியும். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த வருஷம் அப்பா செத்துப்போனார். அக்கா அப்போதே ஆறு வருஷமாகப் பேர் பதிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். நியாயமாகக் காம்பரா அவள் பேருக்குத்தான் மாறியிருக்க வேண்டும். ஆனால் ஆபீசில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆம்பளப் புள்ள இருக்கானே, அவன் பேருல இருக்கட்டும்" என்றார். அக்காவும் தலையை ஆட்டினாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். பொம்பளை பறித்த கொழுந்துக்கு ஆம்பளை போய்ச் சம்பளம் வாங்கி வந்த காலத்தின் மிச்சம் அது.

ஆம்பளைப் பிள்ளை நான் நாற்பது நாள் வேலை செய்தேன். வடிகால் கான் வெட்டினேன், உர மூட்டை தூக்கினேன். நாற்பத்தோராம் நாள் பரீட்சை முடிவு வந்தது. ஹட்டனுக்குப் போய் ரயிலேறியவன்தான், கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதி, பிறகு எப்படியெப்படியோ இங்கே வந்து சேர்ந்தேன். காம்பராப் பதிவுப் புத்தகத்தில் எழுதிய என் பேரை யாரும் அழிக்கவில்லை. எனக்கும் ஞாபகமில்லை.

இனி அக்காவின் பேர் போன கதை.

இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனி ஒரு புதிய ஏற்பாடு கொண்டுவந்தது. நாட்சம்பளத்தை விட்டுவிட்டு, தேயிலையைக் குடும்பங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது. ஆளுக்கு இத்தனை செடி. அதைப் பராமரித்துக் கொழுந்தைப் பறித்துக் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும், கிலோவுக்குக் காசு. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, "நீங்க இனிமே கூலி ஆளுங்க இல்ல, சொந்தக்காரங்க" என்று தோட்டத்துத் துரை பேசினாராம். பங்கு வேண்டுமென்றால் தொழிலாளிப் பதிவிலிருந்து பேரை வெட்டிக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு அப்போதுதான் ஐம்பது முடிந்திருந்தது. சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதிக் காசையும் எடுத்துக்கொள்ளலாம், காம்பராவிலும் இருந்துகொள்ளலாம் என்றார்கள்.

அக்கா என்னிடம் கேட்டாள். குடும்பத்தில் படித்தவன் நான்தானே.

அதற்கு முந்திய மாதம்தான் இங்கே ஒரு மண்டபத்தில் யாரோ ஒருவர் இலங்கையின் தொழிற்சட்டம், காணிச்சட்டம் எல்லாவற்றையும் எப்படித் திருத்த வேண்டும் என்று பேசியதைக் கேட்டிருந்தேன். தெற்கே காலி மாவட்டத்தில் சிறு தேயிலைக் காணி வைத்திருக்கிறவர்கள் மாடி வீடு கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார்கள், மலையகத்து ஆள் மட்டும் நாட்சம்பளத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்றார். கைதட்டினேன். அந்தக் கைதட்டலோடு அக்காவுக்கு முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அது சரி தம்பி. மாசி பங்குனியில கொழுந்து இருக்காதே. இப்பன்னா புல்லு வெட்டப் போடுவாங்க, கான் வெட்டப் போடுவாங்க, நாள் சம்பளம் வந்துரும். பங்கு எடுத்துட்டா அந்த மாசத்துக்கு யாரு சம்பளம் குடுப்பா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதக் கை கூசுகிறது. "அக்கா, நீ இன்னும் கூலி மாதிரியே யோசிக்கிறே" என்றேன்.

 "சரிப்பா. படிச்சவன் நீ சொல்ற" என்றாள். அடுத்த வாரம் போய்ப் பேரை வெட்டிவிட்டு வந்தாள்.

மாசி வந்தது, கொழுந்து வரவில்லை. உரத்தைக் கம்பெனி கொடுத்தது, அதன் விலையைக் கொழுந்துக் காசில் பிடித்தது. கிலோவுக்கு என்ன விலை என்பதை மாதம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குப் போக ஆரம்பித்தாள். சேமலாப நிதிக் காசு கூரைத் தகரத்துக்கும் கடைக் கடனுக்கும் போனது. உரத்துக்குக் கடன் கேட்டு மஸ்கெலியா டவுனில் பேங்குக்குப் போனபோது, "ஒறுதி எங்கன்னு கேக்குறாங்க தம்பி" என்றாள். அதே தெருவில் கடை வைத்திருக்கிறவருக்குக் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது, கடன் கிடைக்கிறது, கடைக்கு மேலே இன்னொரு மாடி எழும்புகிறது. அக்காவுக்கு என்ன இருக்கிறது? செடி அவள் பொறுப்பு, மண் கம்பெனி கையில், விலையை எங்கோ இருக்கிற யாரோ சொல்கிறார்கள். காலிக்காரனுக்குக் காலடியில் சொந்த மண் இருந்தது. அந்தச் சின்ன விஷயத்தை மண்டபத்தில் பேசியவர் சொல்ல மறந்தார். மலையிலேயே பிறந்த நானும் மறந்தேன். அதுதான் எனக்கு ஆறவேயில்லை.

இப்போது காணி வருகிறது. யாருக்கு? தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளிக்கு. அப்படி ஒருவரும் இல்லாவிட்டால், காம்பராப் பதிவில் இருக்கிற குடும்பத் தலைவருக்கு. எங்கள் காம்பராவின் குடும்பத் தலைவர் நான்.

3

கிளாக்கர் நல்ல மனுஷன், அக்காவிடம் விவரமாகச் சொல்லியிருந்தார். நான் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் காணி எனக்கு. வராவிட்டால், எனக்கு வேண்டாம், அக்காவுக்குக் கொடுங்கள் என்று எழுதி, தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும். மாசக் கடைசிக்குள் ஒரிஜினல் கையில் இருக்க வேண்டும். போட்டோ எடுத்து அனுப்பினால் செல்லாது. இரண்டும் இல்லையென்றால் லிஸ்டில் எங்கள் வரியை வெட்டிவிடுவார்கள்.

சம்பளத்தோடு ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தூதரகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி எவடம்?"

"கண்டிப் பக்கம்."

"கண்டியிலயோ? கடை கிடை வச்சிருந்தனீங்களோ?"

"ஓம், கடைதான்."

பத்தொன்பது வருஷமாக எனக்கு இந்தப் பதில்தான். 'ஆமா' என்று சொல்லிப் பழகிய வாய் இந்த ஊருக்கு வந்ததும் 'ஓம்' சொல்லப் பழகிக்கொண்டது. 'பேசுவோம்' போய் 'கதைப்பம்' வந்தது. தோட்டத்து ஆள் என்று சொன்னால் எதிரில் நிற்கிறவர் முகம் ஒரு நொடி மாறும் பாருங்கள், அதைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே ஒரு கண்டிக் கடையைக் கட்டி வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு உண்மை தெரியும். அவள் வீட்டாருக்கு அரைகுறையாகத் தெரியும். மகளுக்கு, அப்பாவின் ஊர் மலையில் இருக்கிறது, அங்கே தேயிலை நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்களப் பெண் என் கடிதத்தை மேலிருந்து கீழே வாசித்தார். எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார். மஸ்கெலியா என்றேன்.

"வத்தெத?" தோட்டத்திலா என்று கேட்கிறார்.

பெரியவர் பக்கத்து ஜன்னலில் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான், "ஒவ், வத்தே" என்றேன். அதைக்கூடக் குரலை இறக்கித்தான் சொன்னேன்.

அவர் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. "அக்காவுக்கா? நல்ல வேலை செய்கிறீர்கள்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தபால் நிலையம் அடுத்த தெருவில் இருந்தது. பசித்தது. நாளைக்கு அனுப்பலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

4

நாளைக்கு நாளைக்கு என்று மூன்று கிழமை, இருபத்தொரு நாள், போனது.

வேலை என்று சொல்லலாம். குளிர், தடிமன், காய்ச்சல் என்றும் சொல்லலாம். எல்லாம் பொய். கடித உறை சாப்பாட்டு மேசையின் இழுப்பறையில் இருந்தது. முத்திரை குத்தியது, விலாசம் எழுதியது, ஒட்டியது. எடுத்துக்கொண்டு போய்ப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை மகள் ஏதோ தேடி இழுப்பறையைத் திறந்து உறையைப் பார்த்துவிட்டாள். என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். காணி என்றேன். எவ்வளவு என்றாள். ஏழு பேர்ச்சஸ் என்றேன். போனைத் தட்டிப் பார்த்து, ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடிச் சொச்சம் என்றாள்.

"அது எவ்வளவு பெரிசுப்பா?"

எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமாகப் பின்பக்கம் போய் அளந்தோம். அவள் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையோடு பின்னுக்கு நடந்தேன். எங்கள் புல்தரை முழுவதும் வந்தது, வேலிக்குப் பக்கத்தில் இரண்டடி மிச்சம்.

"இவ்வளவுதானா? இதுக்குள்ள ஒரு வீடு கட்டணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் குளிர்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். இந்த மூலையில் வாசல், அந்தப் பக்கம் அடுப்படி, ஓரமாகப் பேரிக்காய் மரம் ஒன்று, கறிக்குக் கொஞ்சம் கோவா, லீக்ஸ். கீழே நீர்த்தேக்கம் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல். எங்கள் அப்பாவைப் புதைத்த குழிகூடச் சொந்தமில்லை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் யாருடைய பேரிலும் ஒரு சாண் மண் இருந்ததில்லை. முதல் முதலாக ஒரு பேர் வந்திருக்கிறது, அது என் பேர். ஒரு தடவை பிளேன் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டால் என்ன? அக்காதானே குடியிருக்கப் போகிறாள், பேர் யாருடையதாக இருந்தால் என்ன? இப்படியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டேன். டிக்கெட் விலைகூடப் பார்த்தேன். வெட்கமில்லாதவன்.

அடுத்த நாள் மனைவியின் சித்தப்பா வீட்டில் விருந்து. அவர்கள் கூடினால் கடைசியில் பேச்சு ஊர்க் காணியில்தான் போய் நிற்கும். எங்கட வளவு, அம்மாவின்ர சீதனக் காணி, கடற்கரைப் பக்கம் இருக்கிற பனங்காணி. பத்தொன்பது வருஷமாக அந்த நேரத்தில் நான் எழும்பிப் போய்க் கோப்பை கழுவுகிறவன். அன்றைக்கு எழும்பவில்லை.

"எனக்கும் மஸ்கெலியாவில காணி இருக்கு" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அப்பிடியோ? சொல்லவேயில்லை. எத்தினை பரப்பு?" என்று சித்தப்பா கேட்டார்.

அவர்கள் கணக்கில் ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச்சஸ். மனதுக்குள் அவசரமாகக் கணக்குப் போட்டேன்.

"முக்கால் பரப்பு."

"முக்கால் பரப்போ?" அவர் கெட்ட மனுஷன் இல்லை, சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. "அது எங்கட கிணத்தடிக்குக் காணாதே தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஏழு பேர்ச்சஸ் முக்கால் பரப்புக்கூட இல்லை, அதிலும் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருந்தேன். அக்காவின் காணியை எடுத்துக்கொண்டு போய்ச் சபையில் வைத்து, அதையும் கேலி பண்ண விட்டுவிட்டு வந்தேன். காரில் வரும்போது மனைவி, "அந்தக் கடிதம் இன்னும் அனுப்பேல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டாள். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினேன்.

அன்றைக்கே அக்கா போனில் கூப்பிட்டிருந்தாள். "கடுதாசி போட்டுட்டியா தம்பி? கிளாக்கர் கேட்டாரு. இதோட மூணு தடவ ஆபீசுக்குப் போயிட்டேன்."

"போட்டுட்டேன்க்கா. வந்துரும்" என்றேன்.

5

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, லொறி ஓட்டுகிற எங்கள் எல்லோரையும் கம்பெனியில் கூப்பிட்டார்கள். பெரிய அறை, கோப்பி, இனிப்பு வடை மாதிரி நடுவில் ஓட்டை போட்ட பலகாரம். பலகாரம் வைத்துக் கூப்பிட்டாலே ஏதோ இருக்கிறது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

மேலாளர் இளைஞர், நன்றாகப் பேசினார். இனிமேல் நாங்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இல்லையாம், கம்பெனியின் பங்காளிகளாம். ஆளுக்கு ஒரு பாதை. லொறியைக் கம்பெனியே தவணைக்குத் தரும். கொண்டுபோய் இறக்குகிற பெட்டிக்கு இவ்வளவு. கெட்டிக்காரன் நிறையச் சம்பாதிக்கலாம். நீங்களே உங்கள் முதலாளி என்றார். கீழே கையெழுத்துப் போடும்படி ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.

நான் எழும்பினேன். என் ஆங்கிலம் நான்கு பேருக்கு நடுவில் தடுமாறும், சாதாரணமாகக் கூட்டத்தில் வாயே திறக்கமாட்டேன். அன்றைக்குத் தடுமாறவில்லை.

"பனி கொட்டிப் பாதை மூடின நாளுக்கு யார் சம்பளம் தருவது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார், சராசரியாகப் பார்த்தால் என்று தொடங்கினார்.

"சராசரி வேண்டாம். கடைகள் பாண் எடுக்காத மாதத்துக்கு யார் சம்பளம் தருவது?"

அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். தாளை மடித்து அவர் மேசையிலேயே வைத்தேன். பின்னால் பஞ்சாபிக்காரர் ஒருவரும் வைத்தார், பிறகு இன்னும் இரண்டு பேர். நான் தொழிற்சங்கத்தில் இருக்கிறேன், சட்டம் இருக்கிறது, கையெழுத்துப் போடாவிட்டால் அவர்களால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு வீரம். யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

லொறியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து முதலாவது சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது. மாசி பங்குனியில கொழுந்து இல்லாட்டி யாரு சம்பளம் குடுப்பா? நான் கேட்டது அக்காவின் கேள்வி. ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. நான் கேட்டால் உரிமை. நான்கு பேர் தோளைத் தட்டுகிறார்கள். அவள் கேட்டபோது, கூலி மாதிரி யோசிக்கிறே. சிக்னல் பச்சையானதை நான் பார்க்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்னை அமுக்கிக்கொண்டேயிருந்தான்.

பாணை இறக்கவில்லை. லொறியை அப்படியே வீட்டுக்கு விட்டு, உறையை எடுத்து, விரைவுத் தபால் நிலையத்துக்குப் போனேன். எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன். ஐந்து நாளில் கொழும்பு, மலைப்பக்கம் என்றால் இன்னும் இரண்டு மூன்று நாள் என்றாள் அங்கிருந்த பெண். மாசம் முடிய ஆறு நாள் இருந்தது.

6

அடுத்த மாசத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கே ஏழு மணி. அங்கே பின்னேரம், கொழுந்து நிறுக்கிற நேரம். அக்கா மலையில் இருந்தே போனை எடுத்தாள். காற்றுச் சத்தம் கேட்டது.

"கடுதாசி நேத்துத்தான் தம்பி வந்துச்சு. கொண்டுட்டு ஓடினேன். கிளாக்கரு பாவம், அவரும் ஆபீசுக்குள்ள போயிக் கேட்டுப் பாத்தாரு. லிஸ்டு முந்தாநாளே நுவரெலியாவுக்குப் போயிருச்சாம். நம்ம வரியில செவப்பு மையில கோடு போட்டுட்டாங்க. அடுத்த லிஸ்டுல பாப்பம்ங்கிறாங்க. எப்பன்னு கேட்டா யாருக்கும் தெரியல. தபால்ல லேட்டாயிருச்சு போல."

தபாலில் லேட்டாயிருச்சு. எவ்வளவு வசதியான சொல். ஆமா என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வாய்வரை வந்தது.

"அக்கா, தபால் லேட்டாகல. நான் அனுப்பல. மூணு கெழம என் கையிலேயே வச்சிருந்தேன். அனுப்பிட்டேன்னு ஒங்கிட்டப் பொய் சொன்னேன்."

எத்தனை வருஷத்துக்குப் பிறகு எங்கள் பேச்சு என் வாயில் வந்தது என்று பிறகுதான் கவனித்தேன்.

"எதுக்கு?" என்றாள்.

"ஆச. எம் பேருல ஒரு காணி இருக்கட்டுமேன்னு."

   அவள் என்ன சொல்வாளோ என்ற பயத்தில் நான் பேசிக்கொண்டே போனேன். மஸ்கெலியா டவுனில் ஒரு துண்டு வாங்கித் தருகிறேன் என்றேன். உறுதியோடு, உன் பேரில், இந்த வருஷத்துக்குள். இங்கே நான் கொஞ்ச நாள் கூடுதலாக ஓட்டினால் போதும் என்றேன். அவள் ஒரு வருஷம் குனிந்து நிமிர்ந்து சேர்க்க முடியாததை நான் எவ்வளவு சீக்கிரம் சேர்த்துவிடுவேன் என்று அவளிடமே விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் என் பேச்சு எனக்கே கேட்டது, நிறுத்தினேன்.

"டவுன்ல நீ வாங்குனா அது நீ குடுத்த காணி தம்பி. இது நான் நின்ன மலை" என்றாள். "நான் மட்டும் இல்ல. நீ சொன்ன மாதிரியே பேர வெட்டிட்டுப் பங்கு எடுத்தவங்க இந்த டிவிஷன்ல பதினொரு பேரு இருக்கோம். ஒருத்தருக்கும் லிஸ்டுல எடமில்ல. வெள்ளிக்கெழம எல்லாருமாச் சேந்து நுவரெலியாவுக்குப் போறோம், பெரிய ஆபீசுக்கு. இத்தன வருஷம் வேல செஞ்சோமே, அதுக்கு ஒரு பதில் சொல்லுங்கன்னு கேக்கப் போறோம். அன்னைக்குப் பறிக்காட்டி கொழுந்து முத்திரும். முத்துனா முத்தட்டும்."

"அக்கா, என்னய ரெண்டு திட்டு திட்டேன்."

"திட்டி என்னா ஆகப்போவுது? பேர வெட்டச் சொன்னப்பவே திட்டியிருக்கணும். அப்ப வாய மூடிட்டுப் போனேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். கூடையை இறக்கினாளோ என்னவோ. "ஆசப்பட்டேங்கிற. சரி. எனக்கும் ஆசதான் தம்பி. நான் முப்பத்துநாலு வருஷம் ஆசப்பட்டேன். நீ மூணு கெழம."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கப்பிள்ளைக்குக் கிலோ சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

"லொறி வந்துருச்சு. நிறுக்கக் கூப்புடுறாங்க. வச்சிர்றேன். புள்ளைய நான் கேட்டதாச் சொல்லு."

மகளிடம் சொன்னேன். அத்தை எங்கே வேலை செய்கிறார் என்று முதல் தடவையாகக் கேட்டாள், முதல் தடவையாக நானும் மறைக்காமல் சொன்னேன். அவள் ஜன்னல் வழியாகப் புல்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

வெள்ளிக்கிழமை அக்காவும் மற்றப் பத்துப் பேரும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினார்கள். நாள் முழுக்கக் காத்திருந்து ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். போகவர பஸ் காசும் கைக்காசு, அன்றையக் கொழுந்தும் போச்சு.

எனக்கும் அதே வெள்ளிக்கிழமைதான் போன மாசத்துச் சம்பளத் துண்டு வந்தது. ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். தூதரகத்துக்குப் போன நாளுக்கும் முழுச் சம்பளம் போட்டிருந்தார்கள்.